சோளக்காட்டில் நிறுத்திய சீர்ப் பன்றி

மகனே,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு சென்னிமலைக்கு, உன் மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் என்னைப் பற்றி ஊர் ஊராகச் சொன்னதெல்லாம் என் காதுக்கு வந்தது. பதில் சொல்லவில்லை. நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, என் கொட்டகையில் வளர்ந்த கறியை இலையில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் 'எம்மெஸ்ஸி பன்னி' என்று சிரிக்கிறவர்கள், அவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து, கல்யாண வீட்டில் வாயை அடக்கத் தெரியாதவன் என்று எனக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லப் போகிறேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதை எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா உங்கள் வீட்டுக்கு வந்து பூங்கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாளே, அவள் கொண்டு வந்த செய்தி என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே அவள் முகம் மலர்ந்திருந்தது. "ஏனுங்க, நீங்க தாத்தனாகப் போறீங்க. புள்ள முழுகாம இருக்குது" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க நான் ஒன்றும் கல் இல்லை. அவள் புடவை கூட மாற்றாமல் பேசிக்கொண்டே போனாள். பூங்கொடி இளைத்திருக்கிறாளாம், சோறு பிடிக்கவில்லையாம், ஆனாலும் உட்காராமல் வேலை செய்கிறாளாம். "நான் போயிருந்தப்பவே ஒரு பன்னி கொற ஈத்துப் போட்டுருச்சுங்க. அவங்க ஆளு காச்சல்ல படுத்துட்டானாட்ட இருக்குது. இந்தப் புள்ளதான் குனிஞ்சு கைய உட்டு ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டுச்சு. என்ன கைராசிங்கறீங்க!" என்றாள். நான் கேட்டேன்: "கையில ஏதாச்சும் போட்டிருந்தாளா?" உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வளையல் போட்டிருந்தா."

அன்று சாயங்காலமே மெயின் ரோட்டுக்குப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். உன் மாமனார் எடுத்தார். "நான்தானுங் சம்பந்தி" என்றேன். வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். மறுபடியும் வைத்துவிட்டார். நேரில் வந்தால் வாசல்படி ஏறவிட மாட்டேன் என்று அவர் சபதம் போட்டிருப்பது உனக்கும் தெரியும். உன் அம்மாவை நீயாவது போய்ச் சொல் என்றேன். அவள் மாட்டேன் என்று அழுதாள். "ஒருக்கா சபையில அந்தப் பேச்சுப் பேசித்தானுங்க குடும்பம் ரெண்டாப் போச்சு. மாசமா இருக்கிற புள்ளைக்கு முன்னால நான் போயி அந்த வார்த்தையச் சொல்லோணுமா? நீங்களும் எழுதாதீங்க, உங்க காலைப் புடிச்சுக்கறேன்." எழுதுகிறேன். அந்த வார்த்தையைத்தான் எழுதுகிறேன். கரு வீச்சு. சினைப் பன்றி மாதம் நிறையும் முன்பே கருவைச் சிதைத்துத் தள்ளுகிற நோய். எழுதினால் வராது, எழுதாவிட்டால் போகாது. அது கிருமி. அதற்குக் காதும் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரமும் கிடையாது.

எனவே முதலில் இதைப் படி. மற்றதைக் கிழித்துப் போட்டாலும் போடு. இன்றைய தேதியிலிருந்து பூங்கொடி பன்றிக் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. குறைப்பிரசவமான பன்றியை, அதன் குட்டியை, நஞ்சுக்கொடியை, அது கிடந்த வைக்கோலை அவள் தொடக் கூடாது. உன் செருப்பும் நீ கொட்டகையில் உடுத்திய வேட்டியும் அவள் இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. துணியை அவள் துவைக்கக் கூடாது. பன்றிகளுக்குக் கருவை வீசச் செய்கிற கிருமிகளில் சில, மனிதருக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, ஆளையே உருக்கும் சோர்வு என்று வரும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு அதற்கு மேலும் ஆபத்து உண்டு. உங்கள் ஆள் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்றாளே உன் அம்மா, அவனையும் டாக்டரிடம் கூட்டிப் போ. அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

இனி மற்றதற்கு வருகிறேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று நீ இத்தனை மாதம் என்னிடம் பேசாமல் இருக்கிறாய்? உன் மாமனார் சொன்ன கதையை நீ நம்பினாய். என் கதையை நான் சொல்லவே இல்லை. இப்போது கேள்.

உன் தாத்தா பண்ணையாளாக இருந்து செத்தவர். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். விலங்கியலில் முதல் வகுப்பில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். என் ஊரைக் கேட்டார்கள், தெருவைக் கேட்டார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். விலங்கியலில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. வேலை யாருக்குப் போனது என்பது எனக்குத் தெரியும். அவன் பெயரை இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம்தான் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே இந்த வறண்ட நிலத்தை வாங்கி வெள்ளைப் பன்றி வளர்க்க ஆரம்பித்தேன். இவ்வளவு படித்துவிட்டு ஏன் இந்தத் தொழில் என்று கேட்காத வாய் இல்லை. படித்ததனால்தான் இந்தத் தொழில் என்றேன். கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற டாக்டர் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஊசி மருந்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவர் உள்ளே வராததும் ஒரு வகையில் நல்லதுதான் என்று பிறகு எனக்குத் தோன்றியது. வேறு பட்டிகளைத் தொட்டு வருகிற பூட்ஸ் அது.

எனக்கு எல்லாரையும் விட வெளிக்காற்று மேல்தான் அதிக நம்பிக்கை. உனக்கு நினைவிருக்கும், மார்கழிக் குளிரில் குட்டிகள் நடுங்குகின்றன என்று நீ இரக்கப்பட்டுக் கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டினாய். மறுநாள் காலையில் நான் உன்னை உள்ளே அழைத்துப் போய், பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னேன். "அப்பா, கண்ணு எரியுதுங்க" என்று எழுந்துவிட்டாய். "நீ எந்திரிச்சுட்டே. அது எந்திரிச்சு எங்க போகும்?" என்றேன். மூத்திரத்தின் நெடி நின்ற இடத்தில்தான் நுரையீரல் முதலில் கெடும். கெட்ட நுரையீரலுக்குள்தான் கிருமி சுலபமாகக் குடியேறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் நம் கூரை ஓடுகளையே தூக்குகிறது என்பது நிஜம்தான். காற்று வரும் பக்கம் மட்டும் பன்றியின் முதுகு உயரத்துக்கு மறைப்புக் கட்டு. மேலே திறந்து விடு. தரையில் உலர்ந்த வைக்கோல் போடு. குளிரைப் பன்றி தாங்கும். ஈரத்தையும் நெடியையும் தாங்காது. நெரிசலையும் தாங்காது. ஒரு கூண்டில் இருந்த குட்டிகள் எல்லாம் விற்றுப் போன பிறகு அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காயவிட்டு, அப்புறம்தான் அடுத்த ஈற்றை விட வேண்டும். இதை நான் ஒரு மதம் போல் கடைப்பிடித்தேன். நீ அதைக் கிறுக்கு என்றாய்.

உன் கல்யாணத்துக்கு வருகிறேன். ஆனி மாதம். பெரிய அளவில் பன்றி வளர்க்கிற குடும்பங்கள் நம் பக்கம் அதிகம் இல்லை. இருக்கிற நாங்கள் நாலைந்து வீட்டாரும் ஒருவரை ஒருவர் அறிவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம். பெண் கொடுக்கிற வீட்டார் தங்கள் பட்டியிலிருந்து நல்ல ஆண் பன்றி ஒன்றைச் சீராக அனுப்புவார்கள். அதற்கு மஞ்சள் தடவி, மாலை போட்டு, மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து, அப்படியே பெண் பன்றிகளோடு சேர்த்துவிடுவார்கள். அன்றைக்கே சேர்த்தால்தான் வம்சம் விருத்தியாகுமாம். யோசித்துப் பார். பக்கத்துப் பட்டியின் நோயை ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் நேராகக் கருப்பைக்கே கொண்டு போய்ச் சேர்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை ஒரு கிருமியே உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மறுவீட்டு அன்று மெட்டடார் வேன் நம் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பூங்கொடியின் தாய்மாமன் முன்சீட்டிலிருந்து குதித்தார். "ஏனுங் சம்பந்தி, கேட்டைத் தொறங்க, சீரு வந்திருக்குது!" என்றார். எனக்குப் பின்னால் பெண்கள் ஆரத்தித் தட்டோடு இருந்தார்கள். நான் கேட்டைத் திறக்கவில்லை. "சந்தோசமுங்க. வண்டிய கெழக்கால உடுங்க. சோளக்காட்டு ஓரத்துல தனியா ஒரு கொட்டாய் கட்டி வெச்சிருக்கறேன். ஒரு மாசம் அங்க இருக்கட்டும். அப்புறம் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு உள்ள கொண்டாந்துக்கலாம்" என்றேன். அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் குரலை உயர்த்தினார். "அப்படீங்களா! அப்ப எங்க புள்ளையையும் ஒரு மாசம் சோளக்காட்டுல கட்டிப் போட்டு, ரத்தம் பாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள உடுவீங்களாட்ட இருக்குது?" கூட்டம் சிரித்தது. நான் "புள்ள வேற, பன்னி வேறங்க" என்றேன். அந்த நேரத்தில்தான் வேனுக்குள் அது எழுந்து நின்றது. நின்றதும் இருமியது. முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, விடாமல் வறட்டு இருமலாக இருமியது. மாலைப் பூ உதிர்கிற அளவுக்கு இருமியது. அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு விதை இன்னொன்றைவிட வீங்கியிருந்தது. ஆண் பன்றியிடம் கரு வீச்சுக் கிருமி இருந்தால் அப்படித்தான் தெரியும்.

உன் மாமனார் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்: "ஏனுங் சம்பந்தி, உங்க பட்டியில இந்த வருசம் பன்னிக கரு வீசுச்சுங்களா?" அவ்வளவுதான் கேட்டேன். ஆரத்தித் தட்டைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. உன் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். உன் மாமனார் என் முகத்துக்கு அருகில் வந்தார். "மஞ்சக் கயித்துல ஈரங்கூடக் காயலீங்க. எம்பொண்ணு உங்க வாசப்படி ஏறுற நேரத்துல கரு வீசுச்சான்னு கேக்கறீங்களே, அது என்ன நாக்குங்க?" என்றார். அன்றைக்கு அங்கிருந்த அத்தனை பேரும் என் நாக்கைப் பற்றிப் பேசினார்கள். இன்று வரை பேசுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அதை நீயும் கவனிக்கவில்லை. வேறு இடத்தில், வேறு நேரத்தில் கேட்டிருக்கலாம் என்று வேண்டுமானால் சொல், ஒப்புக்கொள்கிறேன். நிச்சயம் செய்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேள்வி தப்பு என்று மட்டும் சொல்லாதே. அந்தக் கேள்வியை நான் நாளைக்கும் கேட்பேன்.

பன்றி சோளக்காட்டுக்குப் போனது. ஆரத்தி எடுக்காமலே போனது. நீ என்னுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டாய். பூங்கொடி மட்டும், பாவம், வீட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அதுக்கு நான் போயித் தண்ணி ஊத்தட்டுங்களா?" நான் வேண்டாம் கண்ணு என்றேன். அதைப் பார்க்கிற ஆள் இந்தக் கொட்டகைக்கு வரக் கூடாது, இந்தக் கொட்டகையைப் பார்க்கிற ஆள் அங்கே போகக் கூடாது என்று விளக்கினேன். அவள் புரிந்துகொண்டாள். அவள் அப்பாவைவிட அவளுக்கு மூளை அதிகம். அதை இப்போதும் சொல்கிறேன்.

பிறகு ஆடி வந்தது. பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போக அவளுடைய அண்ணன்மார் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. நான் அன்று காந்திபுரத்து ஹோட்டல்காரர்களிடம் பேச டவுனுக்குப் போயிருந்தேன். அவர்களிடமிருந்து நாம் எடுக்கிற மிச்சச் சோற்றில் பன்றிக் கறியோ எலும்போ கலந்து வரக் கூடாது, வந்தாலும் கொதிக்க வைக்காமல் ஒரு கைப்பிடி கூடப் போடக் கூடாது என்பது நம் பண்ணையின் சட்டம். திரும்பி வந்தபோது அந்த ஆண் பன்றி நம் பெண் பன்றிகளின் கூண்டுக்குள் நின்றது. கழுத்தில் புது மாலை. மைத்துனர்கள் காபி குடித்துக்கொண்டு அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள். நான் உன்னைத் தனியே கூப்பிட்டேன். "ஒரு நாளைக்குத்தானுங்கப்பா. சீரைக் காட்டுல கட்டி வெச்சிருக்கறதப் பாத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? அவங்க போனதும் திரும்பக் கொண்டுபோயிக் கட்டிப்போடறேன்" என்றாய். "அது உட்ட மூச்சையும் கூடவே கொண்டுபோயிக் கட்டிருவியா?" என்று கேட்டேன். மைத்துனர்கள் முன்னால் ஏன் கத்தவில்லை தெரியுமா? உனக்காகத்தான். அந்த ஒரு நாள் நான் மரியாதை பார்த்தேன். அந்த மரியாதைக்கு நான் கொடுத்த விலை நம் மந்தை.

முதலில் இருமல். ஆடிக் காற்றோடு கூண்டுக்குக் கூண்டு நடந்தது. வளர்கிற குட்டிகள் சாகவில்லை. தின்றன, இருமின, விலா எலும்பு தெரிய அப்படியே நின்றுவிட்டன. அடிவயிறு துடிக்க மூச்சு வாங்கின. மழைக்காலம் வந்ததும் பெண் பன்றிகள். சினையென்று நினைத்தவை மறுபடி பருவத்துக்கு வந்தன. வேறு சில, ஒரு நாளும் தவறாமல் தின்றுகொண்டிருந்தவை, காலையில் பார்த்தால் கருவை வீசியிருந்தன. ஒன்று, நான் மூன்று ஈற்றாகப் பேணி வளர்த்தது, செத்த குட்டிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது. நான் இரத்தம் எடுத்து அரசாங்க ஆய்வுக்கூடத்துக்கு நானே எடுத்துப் போனேன். கரு வீச்சு நோய் என்று முடிவு வந்தது. சோளக்காட்டு விருந்தாளியின் இரத்தத்திலும் அதுவேதான். ஒரே வண்டியில் இரண்டு நோய் வந்து இறங்கியிருக்கிறது. மூச்சுக்கு ஒன்று, கருவுக்கு ஒன்று.

கரு வீச்சு வந்த பன்றியை மருந்து கொடுத்துத் தேற்றலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. அடுத்த ஈற்று நன்றாகவே ஈனும். ஈன்றுகொண்டே நோயைப் பரப்பும். நான் நோய் கண்டதையெல்லாம் ஒதுக்கினேன். செத்தவற்றை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அதோடு நின்றிருந்தால் நீ பொறுத்திருப்பாய். நம்மிடம் அதற்கிடையில் குட்டி வாங்கியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் சைக்கிளில் போய், என் பண்ணையில் நோய் இருக்கிறது, குட்டிகளைத் தனியே நிறுத்துங்கள் என்று சொன்னேன். நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. "வெளிய சொன்னா இனி யாருங்கப்பா நம்மகிட்டக் குட்டி வாங்குவாங்க? எம் மாமனார் தலை நிமிந்து நடக்க வேண்டாங்களா?" என்று கத்தினாய். "அவரு தலை நிமிந்து நடக்கறதுக்கு, ஊருல இருக்கற பன்னியெல்லாம் தலை சாயோணுமா?" என்றேன். மறுநாள் நீ அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். வாசலில் அவள் திரும்பிப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை.

என் பண்ணை இப்போது சின்னதாகிவிட்டது. ஆனால் சுத்தமாக இருக்கிறது. இரண்டு முறை இரத்தம் பார்த்துவிட்டேன். இருமல் சத்தம் இல்லாத கொட்டகையில் காலையில் நிற்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். என்னிடம் குட்டி வாங்கப் பயப்படுவார்கள் என்றாயே, அன்றைக்கு நான் சைக்கிளில் போய்ச் சொன்ன வீட்டுக்காரர்கள்தான் இன்றைக்கு வந்து என்னிடம் கேட்டு நிற்கிறார்கள்.

உன் மாமனாரின் பட்டியை நீ பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். ஆகவே இதையும் கேள். அவர் தம் ஆண் பன்றிகளை பெண் பன்றிகளோடு சேர்க்க ஊர் ஊராகப் பொலிக்கு அனுப்புகிறார். கூலியாக அந்த ஊர் ஈற்றிலிருந்து ஒரு குட்டி வாங்கிக்கொள்கிறார். தன் நோயைப் போகும்போது கொடுத்துவிட்டு, வரும்போது மற்றவன் நோயை வாங்கி வருகிற வியாபாரம் அது. அதை நிறுத்து. பெண் பன்றியை இங்கே கொண்டு வாருங்கள் என்றும் சொல்லாதே. அதுவும் அதே கதைதான். எல்லாப் பன்றிக்கும் இரத்தம் எடு. நோய் உள்ளதை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளாதே, உயிரோடு எவனுக்கும் விற்காதே. புதிதாக வருவது எதுவானாலும், சாமி வீட்டுப் பன்றியே ஆனாலும், மந்தைக்கு எட்டாத தூரத்தில், காற்று அங்கிருந்து இங்கே அடிக்காத திசையில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் நிற்கட்டும். தினமும் கொட்டகையைச் சுற்றும்போது முதலில் குட்டிகள், அப்புறம் சினை, அப்புறம் வளர்ந்தவை, கடைசியில்தான் சீக்கு. ஒருபோதும் திரும்பி நடக்காதே. எலியை விடாதே, எலி மூத்திரம் கலந்த தண்ணீராலும் கரு போகும், மனிதருக்குக் காமாலையும் வரும். குறை ஈற்றை எடுக்க வேண்டி வந்தால் நீ எடு. கையுறை கிடைக்காவிட்டால் இரண்டு பாலித்தீன் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டிக்கொள். நாய் தூக்கிப் போகும்படி அதைக் குப்பையில் எறியாதே.

இவ்வளவும் பன்றிக்கு. கடைசியாக ஒன்று பூங்கொடிக்கு. அவளை நாளையே ஈரோட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு நல்ல லேடி டாக்டரிடம் காட்டு. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டு. அங்கே டாக்டர் உன்னிடம் என்ன தொழில் என்று கேட்பார். கேட்காவிட்டால் நீயாகச் சொல். 'விவசாயம்' என்று சொல்லி நழுவாதே. உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே அப்படித்தான் அச்சடிக்க வைத்தாய், நான் சும்மா இருந்தேன். டாக்டர் முன்னால் சும்மா இருக்க முடியாது. பன்றி வளர்க்கிறோம், பட்டியில் கரு வீச்சு நடக்கிறது, இவள் வெறும் கையால் தொட்டிருக்கிறாள் என்று அந்த வார்த்தைகளிலேயே சொல். அந்த ஒரு சொல்லை நீ விழுங்கினால் அவர் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். சொன்னால் எந்த இரத்தப் பரிசோதனை செய்வது என்று அவருக்குத் தெரியும். அறையில் நாலு பேர் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். என்னை வாழ்நாள் முழுக்கச் சுளித்திருக்கிறார்கள்; நான் செத்துப் போகவில்லை. அவர்கள் மூக்கைவிட உன் பெண்டாட்டியின் வயிறு பெரிது.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், சபையில் நின்று கேட்க வேண்டும், அப்போதுதான் வளைகாப்புக்கு என்னை அழைப்பார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். கேட்க மாட்டேன். அழைக்காவிட்டால் வரவில்லை. அவள் கையில் வளையல் அடுக்குகிற அன்று நான் இங்கே கொட்டகை கழுவிக்கொண்டிருப்பேன். அந்தக் கை நோயில்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, அது என்னைத் தாத்தா என்று கூப்பிடாமலே வளர்ந்தாலும் எனக்குச் சம்மதம். பிறக்கட்டும்.

இந்தக் கடிதத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் நீக்கி இன்னொரு படி எழுதி, பன்றி வளர்ப்போருக்கு மாதாமாதம் வருகிற செய்தி மடலுக்கும் அனுப்புகிறேன். உன் மாமனாரின் ஆண் பன்றி போய் வந்த ஊர்களிலும் மாசமாக இருக்கிற பெண்கள் இருப்பார்கள். அவர்களும் வளையல் போட்ட வெறும் கையால்தான் இழுத்துப் போடுவார்கள்.

இரண்டு படியிலும் கையெழுத்துப் போடப் போவதில்லை. உறையின் மேல் அனுப்புநர் முகவரியும் எழுதவில்லை. பயந்து செய்வதாக நினைக்காதே. என் பெயரைப் பார்த்தால் உன் மாமனார் போனை வைத்தது போல உறையையும் அடுப்பில் வைத்துவிடுவார். பெயர் இல்லாத உறையைப் பிரிக்காமல் இருக்க எந்த மனிதனாலும் முடியாது. பிரிக்கட்டும், அவரே முதலில் படிக்கட்டும், என்னைத் திட்டிக்கொண்டே படிக்கட்டும். தன் மகள் கொட்டகைப் பக்கம் போகாமல் அவர் ஒரு நாள் தடுத்தால் கூட எனக்கு லாபம்தான். இன்னொன்றும் உண்டு. கீழே என் பெயர் இருந்தால், மேலே இருப்பதெல்லாம் எனக்கும் அவருக்கும் நடக்கிற சண்டையாகிவிடும்; யார் பக்கம் நியாயம் என்று ஊர் பேசும், பூங்கொடியை மறந்துவிடும். பெயர் இல்லாவிட்டால் அவளைத் தவிர இதில் வேறு ஆளில்லை. ஆகவே இப்படியே, அடியில் வெறும் தாளாகவே, மடித்து ஒட்டிக் காலைத் தபாலில் சேர்க்கிறேன்.